துணிந்து புதுமை செய்த தொண்டர்: ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

திருக்கோயில்களிலே பன்னீராண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நிகழ்த்துதல் நம் முன்னோர் வகுத்த முறையாகும். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலமூர்த்தியின் அருட்கலையைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்கின்றோம். பின்னர், பீடத்தையும் திருவுருவத்தையும் பிணைத்து நின்ற பழைய அஷ்டபந்தனத்தை அகற்றிப் புதிய மருந்து சாத்துகின்றோம். காலத்தால் உதிர்ந்த சுதை களையப்படுகின்றது. வெடித்த மதில் பிரித்துக் கட்டப்படுகின்றது. மூர்த்தி என்றும் உள்ள மூர்த்தியே; மருந்து மாத்திரம் புதியது. பழைய மருந்தை எடுக்க அஞ்சி அப்படியே விட்டுவிட்டால் பீடம் அசையத் தொடங்கும். ஆகவே, நிலைபெற வேண்டியது நிலைபெறுதற்பொருட்டே மாற வேண்டியது மாறுதல் வேண்டும் என்னும் உண்மையை ஆகமங்கள் கிரியை வாயிலாக நமக்கு உணர்த்துகின்றன.

இவ்வுண்மை மனித வாழ்க்கைக்கும் பொருந்துவதாம். பழகிய வழியை விட்டு விலகுதல் எவர்க்கும் எளிதன்று. மாதந்தோறும் கைக்கு வரும் ஊதியம், ஊரார் மதிக்கும் பதவி, உறவினர் காட்டும் பாதை ஆகியவற்றைத் துறந்து, பயன் விளையுமோ விளையாதோ என்று அறிய இயலாத ஒரு காரியத்தில் இறங்குவதற்கு உள்ளத்திலே திருவருள் நம்பிக்கை உறுதியாக வேரூன்றியிருத்தல் வேண்டும். அத்தகைய உறுதியோடு தம் வாழ்நாள் முழுவதையும் சைவத்துக்கும் தமிழுக்கும் ஒப்புவித்த பெருந்தகை யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். கும்பாபிஷேகம் நிகழும் இந்நன்னாளிலே அப்பெரியாருடைய வரலாற்றைச் சிந்தித்தல் சாலப் பொருத்தமுடையதாகும்.

பிறந்த நாடும் காலமும்

நல்லூர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத் தமிழரசர்களின் தலைநகராய் விளங்கிய பதி. போர்த்துக்கேயர் அவ்வரசை 1619ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அவர்களுக்குப்பின் ஒல்லாந்தரும், 1796 முதல் ஆங்கிலேயரும் அந்நாட்டை ஆண்டனர். ஆங்கிலேயர் காலத்திலே கோயில் வழிபாட்டுக்கு முன்போன்ற தடை இல்லையாயினும், வேறொரு சோதனை எழுந்தது. வெஸ்லியன் மிஷனாரும் அமெரிக்க மிஷனாரும் ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவினர். அச்சியந்திரம் வைத்துப் புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பரப்பினர். ஆங்கிலமும் புதிய கல்வியும் உத்தியோகமும் வேண்டுவோர் அப்பாடசாலைகளையே நாட வேண்டியிருந்தது. அங்கே சேர்ந்த பிள்ளைகள் தம் சமயத்தின் முதற்பாடத்தையேனும் அறியாதவராய் வளர்ந்தனர். சைவ நூல்களோ ஏட்டுச் சுவடிகளில் அடங்கி, சில புலவர் வீடுகளில் மாத்திரம் இருந்தன.

இத்தகைய காலத்தில், 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள், நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பாருக்கும் சிவகாமியம்மையாருக்கும் ஆண்மக்கள் அறுவருள் கடைசிப் புதல்வராக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர்; நாடகங்கள் இயற்றியவர். ஆறுமுகம் ஒன்பது வயதுச் சிறுவராயிருந்தபோது அவர் காலமாயினார். தந்தையார் முடிக்காது விட்ட நாடகத்தை அச்சிறுவரே பாடி முடித்தனர் என்று கூறுவர். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்கும்பொருட்டு, பீற்றர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார்.

உத்தியோகமும் உள்ளத்துப் போராட்டமும்

மாணாக்கருடைய கூரிய மதியைக் கண்ட பெர்சிவல் பாதிரியார், 1841ஆம் ஆண்டில் அவரை அப்பாடசாலையிலேயே ஆசிரியராக அமர்த்தினார். விவிலிய நூலைத் தமிழிற் செம்மையாக மொழிபெயர்க்கும் பணியில் தமக்கு உதவியாகவும் வைத்துக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பைப் புலவர்களுக்குக் காட்டி ஒப்புதல் பெறும்பொருட்டு இருவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டார். தம் சமயத்தை விடாது சிவசின்னங்களோடு விளங்கிய ஓர் இளைஞரைப் பாதிரியார் இவ்வளவு நம்பி மதித்தது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுவதாம். பிற்காலத்திற் சமயக் கொள்கையில் இருவரும் வெவ்வேறு கரையில் நின்றபோதிலும், இம்மதிப்பு மறைக்கத்தக்கதன்று.

இவ்வாறு ஏழாண்டுகள் சென்றன. நல்ல ஊதியமும் நிலையான பதவியும் கையிலிருந்தன. ஆயினும், அம்மிஷன் பாடசாலையில் இருந்தபடியே ஆறுமுகம் ஓர் உண்மையைக் கண்டார். மிஷனாருடைய வெற்றிக்குக் காரணம் அவர்கள் கைக்கொண்ட சாதனங்களே என்பது அவ்வுண்மை. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தல், குறித்த நாளிற் கூடிய மக்களுக்கு எளிய நடையிற் பிரசங்கம் செய்தல், வினாவிடையாகக் கொள்கைகளை மனத்திற் பதித்தல், அச்சிட்ட புத்தகத்தைக் குறைந்த விலைக்கு எல்லார் கையிலும் சேர்த்தல் என்னும் இந்நான்கும் சைவரிடத்து இல்லை. புலவர் பலர் இருந்தனர். ஆனால் அவர்தம் புலமை திண்ணையைவிட்டு இறங்கவில்லை. வெறுமனே மிஷனாரைக் குறைகூறியிருப்பதாற் பயனில்லை என்று அவர் தெளிந்தார். அவர்களுடைய சாதனங்களைத் தாமே கைக்கொண்டு சைவத்துக்குப் பயன்படுத்துதலே வழி என்று துணிந்தார். அக்காலத்தில் அது பெரிய துணிவு. அந்நியர் முறையைப் பின்பற்றுகின்றார் என்று தம்மவர் ஏசுவர். உண்ட வீட்டுக்கு மாறாக நிற்கின்றார் என்று மற்றவர் பழிப்பர். இரண்டையும் எதிர்நோக்கியே அவர் அடியெடுத்து வைத்தார்.

முதற் பிரசங்கம்

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாலை வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் மண்டபத்திலே ஆறுமுகம் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். ஏட்டை வைத்துப் புராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் முன்னமே உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பொதுமக்களுக்கு விளங்கும் வசனத்திலே, கோவையாக விரித்துரைக்கும் முறையோ அந்நாட்டுச் சைவர்க்குப் புதிது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. அவருடைய நண்பர் கார்த்திகேயையரும் அப்பணியிற் பங்கு கொண்டார். கோயிலுக்கு வருவோர் சிவபூசை, திருநீறு, குருலிங்க சங்கம வழிபாடு, நல்லொழுக்கம் என்பவற்றின் பொருளைக் கேட்டறிந்தனர். கோயில் மண்டபம் வழிபாட்டுக்குரிய இடமாய் இருப்பதோடு அறிவு பெறும் இடமாகவும் ஆயிற்று.

பள்ளிக்கூடமும் பிடியரிசியும்

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஆறுமுகம் மிஷன் பாடசாலையின் உத்தியோகத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தம்மை ஆதரிப்பதற்கு ஒரு சபையோ, நிலையான நிதியோ அவருக்கு இருந்ததில்லை. இல்லறத்தை மேற்கொண்டாற் பொருளீட்டும் கவலை இப்பணியைக் கெடுக்கும் என்று கருதி, வாழ்நாள் முழுதும் பிரமசரியம் காத்தார்.

மாணாக்கரிடத்துச் சம்பளம் பெறாது கற்பிக்கும் வித்தியாசாலை எவ்வாறு நடைபெறும்? ஆசிரியர்களும் உண்ண வேண்டும்; கட்டடமும் வேண்டும். வீடுதோறும் நாளாந்தம் சமையலுக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை வேறாக வைத்து, அதனைச் சேர்த்து வித்தியாசாலைக்கு உதவும் பிடியரிசி முறை கைக்கொள்ளப்பட்டது. பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையை மாத்திரம் நம்பியிராது, எளிய இல்லத்துப் பெண்மணிகளையும் தருமத்திற் பங்காளிகளாக்கிய முறை இது. ஒரு பிடி அரிசி எவரையும் வறியவராக்காது. பல்லாயிரம் பிடி சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் நிற்கும். திருப்பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் இதனை எண்ணி மகிழலாம். உண்டியலிற் சேரும் சிறு நாணயத்துக்கும் கோபுரக் கலசத்துக்கும் உள்ள தொடர்பு இத்தகையதே.

கடல் கடந்து வந்த அச்சியந்திரம்

பள்ளிக்கூடம் வைத்தால் பாடப்புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டுமாயின் அச்சியந்திரம் வேண்டும். இந்தியாவில் அச்சகங்கள்மீது இருந்த கட்டுப்பாடுகள் 1835ஆம் ஆண்டில் நீங்கியமையால், சுதேசிகளும் அச்சகம் நடத்தும் வாய்ப்பு அங்கே பெருகியிருந்தது. ஆகவே 1849ஆம் ஆண்டில், தம் மாணாக்கரான சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு ஆறுமுகம் தமிழகத்துக்குக் கடற்பயணம் புறப்பட்டார்.

செல்லும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்தார். அங்கே மடத்துப் பெரியோர்களும் புலவர்களும் கூடிய அவையிற் பிரசங்கம் செய்தார். அவருடைய சைவசித்தாந்தப் புலமையையும் சொல்வன்மையையும் கண்டு மகிழ்ந்த சந்நிதானம், நாவலர் என்னும் பட்டத்தை அருளினார். யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவருடைய புதிய முயற்சிக்குப் பழம்பெரும் ஆதீனம் தன் ஆசியை வழங்கிய நாள் அது. புதுமையை மேற்கொண்டவர் மரபை விட்டு அகலவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சென்னையில் அச்சியந்திரம் வாங்கினார். சூடாமணி நிகண்டு முதலியவற்றை அங்கேயே அச்சிட்டார். யாழ்ப்பாணம் மீண்டு, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அதிலிருந்து நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சிறுவர்க்கெனப் பாலபாடங்கள் படிமுறையாக எழுதப்பெற்றன. நன்னூல் விருத்தியுரை 1851இலும், பெரியபுராண வசனம் 1852இலும் வெளிவந்தன. சைவத்தின்மீது கூறப்பட்ட குறைகளுக்கு மறுமொழியாக 1854இற் சைவதூஷண பரிகாரம் எழுந்தது. சைவ வினாவிடை, சமயக் கொள்கைகளைச் சிறுவரும் மனனம் செய்யும்வண்ணம் அமைந்தது.

வசனநடை என்னும் புதுவழி

இங்கே ஒன்றைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். அக்காலத்திற் புலமையின் அளவுகோல் செய்யுளே. வசனம் எழுதுதலைப் புலவர் பலர் பெருமையாகக் கருதினாரல்லர். நாவலர் நினைத்திருந்தாற் செய்யுள் நூல்கள் பல இயற்றிப் புலவர் அவையிற் புகழ் தேடியிருக்கலாம். அவரோ அடியார்கள் சரிதத்தை அனைவரும் படித்தறியும்பொருட்டு எளிய, பிழையற்ற வசனத்தைத் தேர்ந்தெடுத்தார். கடினமான சந்திகளைப் பிரித்து எழுதினார். ஆங்கில நூல்களில் வழங்கிய காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்திலே முறையாக ஆண்டார். இன்று நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அப்பணியின் பயன் உண்டு. தமிழ் வசனநடையின் தந்தை என்று அறிஞர் அவரைப் போற்றுதல் இதனாலேயாம்.

ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பழைய நூல்களைப் பதிப்பிப்பதிலும் அவர் முன்னோடியாக நின்றார். பரிமேலழகருரையோடு கூடிய திருக்குறள் 1861இல் வெளிவந்தது. திருக்கோவையாரும் அவராற் பதிப்பிக்கப்பெற்றது. இப்பதிப்புக்களுக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவி செய்தார். ஏடுகள் கறையானுக்கு இரையாகி மறையும் முன்னே அச்சேற்றிக் காத்த இத்தருமமும் ஒருவகைத் திருப்பணியே. பொருள் கொடுத்தவர் பெயரும் உழைத்தவர் பெயரும் அந்நூல்களோடு நிலைத்து நிற்கின்றன.

1864ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கடலின் இருகரையிலும் பாடசாலை, சென்னையிலும் அச்சகம் என்று பணி விரிந்தது. இடையிடையே பொருள்முட்டும் எதிர்ப்பும் வழக்குகளும் குறைவின்றி இருந்தன.

தோல்வியும் அதன் பயனும்

துணிந்து இறங்கிய காரியங்கள் யாவும் வெற்றி பெறும் என்பதில்லை. நாவலர் வாழ்விலும் அவ்வாறே. உத்தியோகத்தின்பொருட்டு ஆங்கிலம் கற்க விரும்பும் சைவப் பிள்ளைகள் சமயத்தை இழக்க நேர்கின்றதே என்று வருந்தி, 1872ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலக் கல்வியை வெறுத்து ஒதுக்காது, அதனையும் சைவச் சூழலிலே கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நல்ல ஆசிரியரை வைத்து நடத்தப் பெரும்பொருள் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. 1876இல் அப்பாடசாலை மூடப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்து உடல் தளர்ந்து வந்த காலத்தில் இந்நஷ்டம் அவர் உள்ளத்தை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் விதை வீண்போகவில்லை. அவருக்குப்பின், அவர் வழியில் நின்ற அன்பர்கள் 1888இற் சைவ பரிபாலன சபையை அமைத்தனர். அச்சபையின் பராமரிப்பில் 1890ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. நாவலர் கைவிட நேர்ந்த காரியத்தைப் பின்வந்தோர் கைகூடச் செய்தனர்.

திருக்கேதீச்சர வரலாறும் இத்தகையதே. மன்னார்ப் பகுதியிலே தேவாரப் பாடல்பெற்ற அத்தலம் அழிந்து காடாய்க் கிடந்தது. அதனை மீண்டும் எழுப்புதல் வேண்டும் என்று 1872ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்தில் நாவலர் சைவமக்களைத் தூண்டினார். அவர் வாழ்நாளில் அது நிறைவேறவில்லை. பின்னர் 1890களில் நிலம் வாங்கப்பட்டு, காடு வெட்டித் தலம் காணப்பட்டது. 1903இற் கோயில் அமைந்து கும்பாபிஷேகமும் நிகழ்ந்தது. விண்ணப்பம் எழுதிய கை அக்கலசத்தைக் காணவில்லை. ஆயினும் அக்கலசத்தின் ஒளியிலே அவ்விண்ணப்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பசிப்பிணி தீர்த்தமை

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை மழையின்மையும் பஞ்சமும் பேதிநோயும் ஒருங்கே வருத்தின. நாவலர் நூலையும் எழுதுகோலையும் ஒருபுறம் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அன்பர்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து, பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரை பஞ்சகாலத்திற் செய்யத் தவறியவற்றை அஞ்சாது எடுத்துக் கண்டித்தார். 1879ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதி வேண்டப்பட்டபோது, இளைஞராயிருந்த பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து நின்றார். சமயத் தொண்டர் உலகியலில் தலையிடலாமோ என்று தயங்காது, மக்கள் துன்பத்தைத் தீர்த்தலும் சிவத்தொண்டே என்று கொண்டார்.

1879 ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையில் அவர் செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள், தமது ஐம்பத்தேழாம் வயது நிறைவுறுவதற்குச் சில நாட்களுக்கு முன், சிவபதம் அடைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

பெரியாரைப் போற்றும்போது அவருடைய காலத்தின் எல்லையையும் மறைக்காது காணுதல் முறை. சாதியாசாரங்களில் நாவலர் தம் காலத்து வழக்கத்தையே உறுதியாகப் பற்றி நின்றார். அவர் திறந்த கதவு எல்லார்க்கும் ஒருங்கே திறந்ததன்று. அதனையும் திறத்தல் பின்வந்தோர் கடனாயிற்று. அவரே மேற்கொண்ட துணிவை நாமும் மேற்கொண்டு, நம் காலத்துக்கு வேண்டும் மாற்றத்தைச் செய்தலே அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.

மாற்றம் செய்ய விரும்புவோர் எதனைக் காப்பது, எதனை மாற்றுவது என்று முதலில் தெளிய வேண்டும் என்பது அவர் வரலாறு காட்டும் முதற்பாடம். அவர் திருநீற்றையும் சிவபூசையையும் சித்தாந்தத்தையும் அணுவளவும் மாற்றவில்லை. அவற்றைக் கொண்டுசேர்க்கும் வழியை முற்றும் மாற்றினார். எதிர்நின்றவரிடத்தும் நல்ல சாதனம் உளதாயின் அதனைக் கற்றுக்கொள்ள நாணவேண்டுவதில்லை என்பது இரண்டாவது. பயன் நம் கண்முன்னே விளைய வேண்டும் என்று காத்திராமல் கடமையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மூன்றாவது.

பன்னீராண்டுக்கு ஒருமுறை புதிய மருந்து சாத்தி மூர்த்தியை நிலைபெறுவிக்கும் நாம், நம் உள்ளத்தில் இறுகிப்போன அச்சத்தையும் சோம்பலையும் அவ்வாறே அகற்றுவோமாக. திருப்பணிக்குக் கொடுத்த கரங்கள், கோயிலைச் சார்ந்த பிள்ளைகளின் கல்விக்கும், அழியும் ஏடுகளைக் காப்பதற்கும், பசித்தோர் உணவுக்கும் நீளுமாக. புதிய நற்காரியம் ஒன்றைத் தொடங்கத் தயங்கி நிற்கும் அன்பர் எவரேனும் இம்மலரைப் படிப்பாராயின், ஊதியத்தைத் துறந்து வெறுங்கையோடு வெளிவந்த அந்த இருபத்தைந்து வயது இளைஞரை நினைந்து, இறைவன் திருவடியை முன்னிட்டு முதலடியை வைப்பாராக. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் அன்னோர்க்குத் துணைநின்று காப்பதாக.